பதினேழாம் எண் பாட்டில்

பட்டாபிராமில் குடியிருந்த நாகவல்லிக்கு, நகரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை. தினமும் காலை ரயிலில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பவள் தெரசா. அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச் பூட்டுகிற கம்பெனியில் வேலை செய்தவள், வாயாடி.

தொண்ணூற்றிரண்டில் தெரசாவின் வயிறு உப்ப ஆரம்பித்தது. "நாப்பத்தாறு வயசுல முழுகாம கீறேன்னு கம்பெனில சிரிக்கிறாளுங்கடி" என்றாள். நாகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

சினைப்பையில் புற்று. வயிற்றில் கட்டியிருந்த நீரில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குக் கேட்டார் டாக்டர் வரலட்சுமி. தெரசா கையெழுத்துப் போட்டாள். பாட்டிலை மாடிக்கு எடுத்துப் போனது நாகவல்லி. அதன்மேல் பதினேழு என்று எழுதி ஒட்டினார்கள்.

ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வயிறும் வற்றியது. தலையில் துணி கட்டிக்கொண்டு தெரசா மறுபடி ரயிலேறினாள். எட்டு மாதம் நன்றாக இருந்தாள். பிறகு வயிறு மீண்டும் உப்பியது. அதே மருந்து, அதே அளவு. இந்த முறை அவள் உடம்பு மட்டும்தான் உருகியது.

"போன வாட்டி செத்துச்சே டாக்டரம்மா, இப்ப ஏன் சாவல?"

"தெரியலம்மா. அதைத்தான் தேடிட்டிருக்கோம்."

"அப்ப இந்தத் தண்ணியையும் எட்த்துக்கினு போய் பாருங்க."

தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில் அவளைக் கல்லறையில் வைத்தார்கள். மறுவாரம், செல் வளர்க்கும் சூட்டுப்பெட்டியைத் துடைக்கத் திறந்த நாகவல்லி அப்படியே நின்றுவிட்டாள். பதினேழு. பக்கத்தில், இரண்டாம் தடவை எடுத்த நீருக்கு எழுதி ஒட்டிய பதினேழு ஆ. தட்டையான இரண்டு பாட்டில்களிலும் இளஞ்சிவப்பு நீர். தொட்டாள். மனுஷ உடம்புச் சூடு.

"இன்னும் உசுரோடவா கீது?"

வரலட்சுமி தலையாட்டினார். "ரெண்டுலயும் கொஞ்சம் எடுத்து மருந்து விட்டுப் பார்த்தோம். முதல்ல எடுத்தது செத்துப்போச்சு. ரெண்டாவது சாகல. மருந்து பட்டதும் செல்லுக்குள்ள 'செத்துப்போ'ன்னு ஒரு சேதி ஓடணும். இதுல அது பாதியிலேயே நின்னுடுது. 'பொழச்சுக்கோ'ன்னு வேற சேதி ஓடிட்டே இருக்கு."

"யாரு சொல்றா?"

"அதுங்களே ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்குதுன்னு நினைக்கிறோம்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறையில் தனியாக இருக்க அவளால் முடியவில்லை. குழாயை மூடினால், பெட்டிக்குள் யாரோ அடங்கிய குரலில் பேசுவதுபோல் இருக்கும். மூடாமலே கழுவினாள். ஒரு பாட்டில் நிறைந்தால் இரண்டாகப் பிரிப்பார்கள், இரண்டு நான்காகும். மண்ணுக்குள் கரைந்துகொண்டிருந்த தெரசா, இங்கே ஒரு தட்டு முழுக்கப் பரவியிருந்தாள்.

அடுத்த வருஷம் அந்த ஆராய்ச்சி முடிந்தது. ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடச் சொன்னார் டாக்டர். நாகவல்லிக்குக் கை எழவில்லை. தெரசாவின் புருஷன் எட்மண்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் மறுநாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இது அவளா? இல்ல, அவள சாவடிச்சதா?"

டாக்டர் சொன்னார், "ரெண்டும்தாங்க."

"உங்க வேல முடிஞ்சிச்சா?"

"இதுல பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு."

"அப்ப அவள உட்டுடுங்க. அவ பட்டது போதும்."

நாகவல்லி ப்ளீச்சிங் தண்ணீரை ஊற்றினாள். இளஞ்சிவப்பு ஒரு நொடியில் வெளுத்து வெறும் தண்ணீர் போலானது. எட்மண்ட் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பும் ரயிலில் அவர் பட்டாபிராம் வரை அசந்து தூங்கினார்.

பத்து நாள் கழித்து வரலட்சுமி ஒரு கடிதத்தோடு சந்தோஷமாக வந்தார். "நாகவல்லி, பதினேழு ஆ-வை உறையவச்சு வடக்கே ஒரு லேபுக்கு முன்னாடியே அனுப்பியிருந்தேன்ல? அங்க நல்லா வளருதாம். இன்னும் ரெண்டு ஊர்ல கேட்டிருக்காங்க."

அப்படி அனுப்பியது அவளுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று எட்மண்ட் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். "இப்பதான்மா அவ நிம்மதியா கீறா."

நாகவல்லி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா அண்ணாத்தே" என்றாள்.