சமையலறை உள்ள ஹோட்டல்

அந்த வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் ஷார்ஜா ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் மூன்று ஹோட்டல்களின் படப்புத்தகங்கள் விரிந்து கிடந்தன. வழவழப்பான தாள். பக்கத்துக்குப் பக்கம் நீலக்கடல். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கையில் பருப்புச் சாதத்தோடு அந்தக் கடலைத் தொட வந்தவளை நான் ஒரு கையால் தடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே மேனேஜர் மேடம் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தேர்வுத்தாள் திருத்துபவரைப் போலப் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் என் கணவருடைய மேனேஜரின் மனைவி. கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். கணவரின் கம்பெனி, ஹோட்டல்களுக்கு ஏ.சி.யும் குளிர் அறைகளும் அமைத்துத் தரும் கம்பெனி. துபாயில் திரும்பிய பக்கமெல்லாம் கட்டடம் எழும்பிய காலம் அது. என் கணவர் சைட்டில் நன்றாக வேலை செய்ததற்காக, குடும்பத்தோடு ஒரு கரீபியன் தீவில் பத்து நாள் விடுமுறையைக் கம்பெனி பரிசாகத் தருகிறது என்றார்கள். ஹோட்டலை மட்டும் நாங்கள் தேர்ந்தெடுத்தால் போதுமாம். “பொம்பளைங்க பார்த்துச் சொல்லட்டும்” என்று மேனேஜர் பெருந்தன்மையாகச் சொல்லி, உதவிக்கு மேடத்தையும் அனுப்பி வைத்திருந்தார்.

எனக்கு எதையும் சட்டென்று நம்பத் தெரியாது. பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை பார்ப்பேன். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். குழந்தை பிறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. அதனால் முதலில் என் சந்தேகங்கள் எல்லாம் ஹோட்டல்களின் மீதே இருந்தன. நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா? அறைக் கதவின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுமா? அங்கே என்ன கொசு? தயிர் கிடைக்குமா? டிராவல்ஸ்காரருக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவர், “மேடம், நீங்க ஹாலிடேதானே போறீங்க?” என்று கேட்டார்.

முதல் ஹோட்டல் மலைச்சரிவில் தனித்தனிக் குடில்களாக இருந்தது. இரண்டாவது பெரியது, சூதாட்டக் கூடம் உள்ளது. அதை இருவருமே தள்ளி வைத்துவிட்டோம். மூன்றாவது கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஊருக்கு நடுவே நின்ற ஒரு சாதாரணக் கட்டடம். படத்தில்கூட அது அழகாக வரவில்லை. மேடத்தின் விரல் அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

“இதப் பாரு கண்ணு. ரூமுக்குள்ளயே சமையல்கட்டு. துணி துவைக்கிற மிஷின்கூட இருக்குது.”

“பத்து நாள் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக் கொண்டுவந்துடலாமே மேடம்?”

“குழந்தை வெச்சிருக்கிறவ பேசற பேச்சா இது?” என்று சிரித்தார். பிறகு, “பாப்பாவை எப்போ ஸ்கூல்ல போடறே?” என்றார். அந்தத் தெருவிலேயே ஒரு நல்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருக்கிறதாம்.

டிராவல்ஸ்காரரிடம் இவருக்குக் கமிஷன் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கமிஷனுக்காகப் பேசுகிறவர்கள் பள்ளிக்கூடம் பற்றிப் பேசுவார்களா? அடுத்த வாரம் மேடம் போனில், சின்ன மிக்ஸி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்று மாலை பெட்டியைத் திறந்தால், என் கணவரின் சட்டைகளுக்கு அடியில் ஒரு ஜோடி புது சேஃப்டி ஷூ. சைட்டில் இரும்பு விழுந்தாலும் தாங்கும் அந்தக் கனமான ஷூ. கடற்கரைக்குப் போகிறவருக்கு அது எதற்கு? அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் நம்பும்படி ஏதாவது சொல்லிவிடுவார் என்ற பயம்.

மேடத்திடம் கேட்டேன். அவர் காரோட்டுவார். பாப்பாவுக்கு உடுப்பு வாங்க துபாய்க்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்புகிற வழியில், ஷார்ஜா சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. பின்சீட்டில் குழந்தை தூங்கிவிட்டது.

“மேடம், நாங்க அங்கே போறது லீவுக்கா, இருக்கறதுக்கா?”

அவர் ரேடியோவை அணைத்தார்.

“நான் இந்த ஊருக்கு விசிட் விசாவுலதான் வந்தேன், தெரியுமா? ஒரு மாசம் சுத்திப் பார்த்துட்டுப் போலாம்னு கூட்டியாந்தாரு. கொடியில துணி காயப் போட்டுட்டு வந்தேன் கண்ணு. அதை யாரு எடுத்தாங்களோ!” என்று தானே சிரித்துக்கொண்டார். “என் பையன் இங்கயே பத்தாவது முடிச்சுட்டான். சொன்னா நாம கிளம்ப மாட்டோம்னு இந்த ஆம்பளைங்களுக்கு ஒரு நெனப்பு.”

“எங்க வீட்டுக்காரருக்கும் தெரியுமா?”

“அவங்கிட்டக் கேளு.” வண்டியை மெல்ல நகர்த்தியபடி, “நான் சொன்னதாச் சொல்லாதே” என்றார்.

என் அம்மா திருச்சியில் தனியாக இருந்தாள். இதய நோய்க்காரி. காலையில் ஒரு போன் வந்தால் இரவுக்குள் அவள் பக்கத்தில் இருக்கலாம் என்ற கணக்கில்தான் நான் ஷார்ஜாவைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தீவிலிருந்து எத்தனை விமானம் மாற வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மலைச்சரிவுக் குடில் படத்தை எடுத்து என் கணவர் முன் வைத்தேன். ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னல் நிறையக் கடல். வேறொன்றும் இல்லை.

“அங்க சமைக்க முடியாதே” என்றார் அவர்.

“பத்து நாளைக்கு எதுக்குங்க சமையல்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டு வருஷம்தான்டா” என்றார் மெதுவாக. “இங்க வரும்போதும் அதேதான் சொன்னீங்க” என்றேன். கட்டடத்துக்குக் கட்டடம் நம்மவர்கள் எல்லோரும் சொல்லி வந்த அதே இரண்டு வருடம். அவர் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து ஷூவை எடுத்து வெளிக்கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பரிசைப் பற்றிக் கம்பெனியில் யாரும் பேசவில்லை.

கோடையில் மேனேஜரே தீவுக்கு மாற்றலாகிப் போனார், மேடத்தோடு. வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். நாங்கள் மறுத்தால் அடுத்தது அவர்கள்தான் என்பது அன்று காரில் மேடத்துக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் சொன்னாரா, தெரியாமல் சொல்லிவிட்டுப் பிறகு வருந்தினாரா? வழியனுப்பப் போனபோது கேட்க நினைத்தேன். அவர்கள் விற்ற வீட்டுச் சாமான்களை வாங்க வந்தவர்கள் வீடு நிறைய இருந்தார்கள், கேட்க முடியவில்லை.

மறு வருடம் கோயம்புத்தூரிலிருந்து அவர் போன் செய்தார். அவருடைய அம்மா போய்விட்டார். தீவிலிருந்து மூன்று ஊர்களில் விமானம் மாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அழுகை இல்லாத குரல். நான் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டு, “உங்கம்மா நல்லா இருக்காங்களா கண்ணு?” என்று கேட்டார்.

“இருக்காங்க மேடம்.”

“சரி. வெச்சுடறேன்.”

அந்தக் கேள்வியில் ஒரு குத்தல் இருந்தது என்று பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, இல்லை, நிஜமான அக்கறைதான் என்று நினைக்கத் தொடங்கினேன். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற சில காலைகளில் மேடத்தின் அந்தக் குரலை மனதுக்குள் மறுபடி கேட்டுப் பார்க்கிறேன். எது சரியென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.