முத்துராணி மறுத்து எழுதித் தரவில்லை

முத்துராணி எழுத வந்தது ஆசையால் அல்ல, கோபத்தால். அதுவும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது வந்த கோபம்.

வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கென்று ஏழெட்டுப் பதில் வைத்திருப்பாள். ஆளுக்குத் தகுந்தாற்போல் ஒன்றை எடுத்துவிடுவாள். பேட்டையில் தம்பி வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, வண்ணார்பேட்டையில் கொம்பையா அண்ணாச்சியின் பத்திர எழுத்தகத்துக்குப் பத்தொன்பது வருடமாக வேலைக்குப் போய்வருகிறாள். வீடோ வயலோ மனையோ எது கைமாறினாலும் அதற்கான பத்திரத்தை எழுதுவது அவள் தொழில். உரிமம் அவள் பெயரில்தான் இருக்கிறது. மேசைதான் அண்ணாச்சியுடையது.

அன்றைக்குப் பஸ்ஸில் போனைத் தள்ளிக்கொண்டே போகையில் ஒரு காமக்கதை கண்ணில் பட்டது. சீச்சீ என்று மூடிவைக்கிற ஆள் இல்லை அவள். முழுவதும் படித்தாள். படித்து முடிக்கும்போது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கதையில் நட்டநடு மத்தியானம், கூடத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கிறாள், கதவைத் தாழ்ப்பாள் போட்டதாக ஒரு வார்த்தை கிடையாது. பெண்ணின் பெயர் பாதியில் மாறிவிட்டது. அவளுக்கு இதில் சம்மதமா என்று ஒரு பயல் கேட்கவில்லை. எல்லை குறிக்காமல் மனையை விற்கிற பத்திரம்கூட இதற்குத் தேவலை என்று நினைத்துக்கொண்டே இறங்கினாள்.

இறங்கியதும் நேரே பேச்சித்தாயிடம் போய்க் கொட்டினாள். எழுத்தகத்துக்கு அடுத்தாற்போல ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் பேச்சித்தாய். முத்துராணி கையால் எழுதித் தரும் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதும் அவள்தான்.

“இதைவிட நான் நல்லா எழுதுவேன்ட்டி.”

“எழுதுங்கக்கா. யாரு வேண்டாங்கா.”

மறுநாளே எழுதினாள். அது கதையாகவா வந்தது? பத்திரமாக வந்தது. ‘மேற்படியான் மேற்படியாளின் வலது கையைப் பற்றினான். அப்போது மேற்படியாள் வடக்குப் பார்த்து நின்றிருந்தாள்.’ பேச்சித்தாய் அதைப் படித்துவிட்டு விக்கல் எடுக்கிற வரைக்கும் சிரித்தாள். முத்துராணிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அடுத்தவர் வார்த்தையை எழுதி எழுதிக் கை இப்படிக் கட்டையாகிப் போயிற்றே என்று இருந்தது. ஆனால் அந்தத் தாளில் ஒரு வரி மட்டும் அவளுக்குப் பிடித்துப்போனது. பழக்கதோஷத்தில் வந்து விழுந்த வரிதான்: ‘முழுச் சம்மதத்துடனும் பிறர் தூண்டுதல் இல்லாமலும்.’ பஸ்ஸில் படித்த கதையில் இல்லாதது இதுதானே என்று தோன்றியது. தன் கதையில் பொம்பளை வாய் திறந்து சரி என்று சொல்லாமல் யாரும் யாரையும் தொடக் கூடாது என்று முடிவுகட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கஷ்டமான பகுதி. ஆசைப்பட்டால் எழுத்து வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் மாதத்தில் எழுதியது மொத்தமே நான்கு நாள். முகூர்த்த நாள் என்றால் எழுத்தகத்தில் நிற்க இடமிருக்காது. மற்ற நாளில் தலைவலி, தம்பி மகளுக்குப் பரீட்சை, மழை, மழையில்லாத புழுக்கம். சாக்குக்கா பஞ்சம். ஒருநாள் அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. அடுத்தவன் வயலுக்குப் பத்திரம் என்றால் காய்ச்சலோடு வந்து எழுதுகிறோம், நமக்கென்று ஒரு பக்கம் எழுத இத்தனை மூக்கால் அழுகையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எழுத்தகத்தைத் திறக்கிற சாவி அவளிடம்தான் இருந்தது. அண்ணாச்சி ஒன்பதரைக்குத்தான் வருவார். எட்டு மணிக்கே வந்து திறந்து, பத்திரம் எழுதி வீணாய்ப்போன பச்சைத்தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பக்கம் நிரம்புகிறவரை காப்பி கிடையாது. இந்தக் காப்பி விஷயம்தான் அவளை எழுத்தாளியாக்கியது என்று பேச்சித்தாய் இன்றைக்கும் கேலி பேசுவாள். வராத வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருக்க மாட்டாள். ‘இந்த இடத்தில் முத்தம், பிறகு சரிசெய்’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவாள். நன்றாக வரவில்லை என்று கிழித்துப்போடவும் மாட்டாள். எட்டு மாதத்தில் மேசை இழுப்பறை நிறைந்துவிட்டது.

அதில் தேறியது ஐந்து கதை. ஐந்தாவதற்குப் ‘பைய’ என்று பெயர் வைத்தாள். நாலு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்த புருஷனும் அவன் பெண்டாட்டியும். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிற ஒரு முற்பகல். அவனுக்குக் கூச்சம், அவளுக்கு அதைவிடக் கூச்சம். தாழ்ப்பாளை அவள்தான் போடுகிறாள். அவன் அவசரப்படும்போதெல்லாம் ‘பைய’ என்கிறாள். எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் என்பதையும் அவளே சொல்கிறாள். அதை அடித்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் பாதியில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

பெண்கள் சிலர் நடத்துகிற ஓர் இணைய இதழுக்கு அதை அனுப்பினார்கள். சுகன்யா என்று புனைபெயர். இதழ்க்காரர்கள் கதை பிடித்திருக்கிறது என்றும், கையெழுத்தில் உள்ள ஒரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால் கதையோடு போடலாம் என்றும் சொன்னார்கள். கடைசிப் பக்கம் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. அதையே அனுப்பிவைத்தாள்.

விதி அங்கேதான் விளையாடியது. விதி என்ன விதி, கைப்பழக்கம். பத்திரம் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும் அடியில் ‘எழுதியவர்’ என்று போட்டுப் பெயரையும் உரிம எண்ணையும் குறித்துக் கையெழுத்துப் போடுவார்கள். ‘பைய’ கதையின் கடைசி வரிக்குக் கீழே, படுக்கையில் இருவரும் வேர்த்துக் கிடக்கிற இடத்துக்கு அடுத்தாற்போல, உரிம எண்ணோடு பளிச்சென்று நின்றாள் பா. முத்துராணி.

இரண்டே நாளில் அந்தப் படம் மாவட்டத்துப் பத்திர எழுத்தர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. பெண்கள் இதழில் அந்தக் கதையைத் தேடிப் படித்த உத்தமன் ஒருவன்தான் போட்டிருக்க வேண்டும்.

கொம்பையா அண்ணாச்சி கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, தண்ணியும் கொடுத்து, பைய ஆரம்பித்தார்.

“தாயி, நாலு மணிக்குச் சங்கத்துலருந்து குமரகுருபரன் வாராரு. அதுக்குள்ள ரெண்டு வரி எழுதிக் குடுத்துரு. இது என் கையெழுத்து இல்ல, யாரோ என் பேரைக் கெடுக்கப் போட்டிருக்கான்னு. அம்புட்டுதான். சோலி முடிஞ்சிது.”

“நான் எழுதினது அண்ணாச்சி.”

“எனக்குத் தெரியாதா? எழுதிக்கோ. யாரு வேண்டாம்னா? நல்லாத்தான் இருக்கு. பேரை மட்டும் விட்டுரு. பேரு இருந்தா இந்த மேசையில உன்னை எப்படி உக்கார வைக்கது? நாலு பொம்பளைக வந்துபோற இடம்.”

வெள்ளைத்தாளை அவள் முன்னால் வைத்தார். அவள் பேனாவைத் திறந்தும்விட்டாள். பயமில்லை என்று சொன்னால் பொய். தம்பி மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இதுவும் கூடவே பேசப்படும் என்பது தெரியும். இந்த மேசையை விட்டால் வேறு மேசை கிடையாது என்பதும் தெரியும். இரண்டு வரிதான். இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் மற்றவர்களுக்காக அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். ஆனால் எழுதிவிட்டால், இழுப்பறையில் இருக்கிற அத்தனை காலை நேரமும் யாருடையதோ ஆகிவிடும்.  பேனாவை மூடினாள்.

நாலு மணிக்குக் குமரகுருபரன் வந்தார். பத்திர எழுத்தர் சங்கத்தின் செயலாளர்; சட்டையில் மடிப்புக் கலையாத ஆள். போனை நீட்டினார்.

“இது உங்க கையெழுத்தாம்மா?”

“ஆமா.”

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

“கல்யாணம் ஆகாத பொம்பளை. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கொலைக்கதை எழுதுதவுகளை, எத்தனை பேரை வெட்டினீகன்னு கேப்பீகளா?”

“அசிங்கம்மா இது.”

“நடவு வயல்ல பொம்பளைக பேசுத பேச்சுல இது கால்வாசி இல்ல. அதைக் கேட்டு எல்லாரும் சிரிக்கீக. எழுதுனா அசிங்கமா? முழுசாப் படிச்சீகளா?”

“படிச்சேன். படிக்காம வந்து பேச முடியுமா?”

“எத்தனை தடவை?”

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காதோரம் சிவந்துபோனது. முத்துராணிக்கு அதற்குமேல் அவரை நோகடிக்க மனமில்லை. அண்ணாச்சியைப் பார்த்துத்தான் பேசினாள்.

“பத்தொன்பது வருசமா ‘நான் எழுதிக் கொடுக்கிறேன், நான் எழுதிக் கொடுக்கிறேன்’னு எழுதுதேன். அதுல ஒரு ‘நான்’கூட நான் இல்ல அண்ணாச்சி. இது ஒண்ணுதான் நான். இதைப்போயி இல்லேன்னு எழுதச் சொல்லுதீகளே.”

சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இழுப்பறையைக் காலிசெய்து, தாள்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். 

தம்பி செந்தில்முருகன் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “ஊரே சிரிக்குதுக்கா” என்றான். “சிரிக்கட்டும்லே, அழுகைக் கதையா எழுதியிருக்கேன்” என்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனான். அவள் இதழுக்குப் போன்செய்து, சுகன்யா என்ற பெயரை எடுத்துவிட்டு முழுப்பெயரையும் போடச் சொன்னாள்.

ஜெராக்ஸ் கடை வாசலில் பேச்சித்தாய் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு நாள் ஒரு ஈ, காக்காய் வரவில்லை. தெரிந்த முகங்கள் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தன. முத்துராணி எட்டு மணிக்கு உட்கார்ந்தாள், பக்கத்தை நிரப்பினாள், காப்பி குடித்தாள், வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது, எழுதிக் கொடுத்திருக்கலாமோ என்று நினைத்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் ஒருத்தி வந்து மேசை முன்னால் நின்றாள். கல்லிடைக்குறிச்சிப் பக்கம், முப்பது வயதிருக்கும், இடுப்பில் பிள்ளை.

“அந்தக் கதை எழுதினது நீங்கதானே?”

முத்துராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆமா. என்ன இப்போ?”

“எங்க அப்பா வயலுல எனக்குப் பங்கு வேண்டாம்னு கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணன்மாரு நெருக்குதாக. போடமாட்டேன், பங்கு வேணும்னு எழுதணும். எந்த எழுத்தர்கிட்ட போனாலும் அண்ணனுக்குத் தெரிஞ்சவுகளா இருக்காக. அவுக சொன்னா மாத்தி எழுதிருவாக. நீங்க மாத்த மாட்டீகன்னாக.”

“யாரு சொன்னா?”

“எங்க அண்ணன்தான். அந்தப் பொம்பளை யாரு சொன்னாலும் கேக்காதுன்னு திட்டிக்கிட்டிருந்தான்.”

முத்துராணி எதிரில் கிடந்த நாற்காலியைக் காட்டினாள்.

“உக்காருங்க. இந்தப் பக்கத்துல இன்னும் நாலு வரி பாக்கி இருக்கு. முடிச்சிட்டு உங்களுதை எழுதுவோம்.”

அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முத்துராணி அந்த நாலு வரியையும் அவசரப்படாமல் எழுதினாள்.