வின்னியின் இடக்கை வில்

வினிஃப்ரெட் டார்பியைத் தெற்கு பாஸ்டனில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் வின்னிதான். அப்பா மார்ட்டின் அயர்லாந்தின் ஸ்லைகோ பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வரும்போது கொண்டுவந்தது ஒரு பிடில். அவர் அதைத் தொட்டதைவிட மகள் வாசித்ததுதான் அதிகம். கல்யாணமோ ஞானஸ்நானமோ, சாவு வீடோ, எதுவென்றாலும் "மார்ட்டின் பொண்ணு வராளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற ஏற்பாடெல்லாம்.

பகலில் அவளுக்கு மிட்டாய் ஆலையில் வேலை. இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம், கேரமல் வெட்டும் இயந்திரம் அவள் இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் போயின. பிடில்காரிக்கு இடது கை விரல்தான் எல்லாம். சுரம் அங்கேதான் பிறக்கிறது.

ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, "ஜெபமாலை உருட்ட வலது கை முழுசா இருக்குல்ல? அதுக்கு நன்றி சொல்லு" என்றாள்.

"யாருக்கு?" என்றாள் வின்னி.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டுப் பிரித்த பிறகும் பிடில் கட்டிலடியிலேயே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மார்ட்டின், சமையலறை மேசையில் அது எலும்புக்கூடாகக் கிடப்பதைப் பார்த்தார். தந்திகள் எல்லாம் கழன்றிருந்தன. தந்தியைத் தாங்கும் குதிரையை வின்னி அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தாள்.

"என் பிடிலை என்னடி பண்றே?"

"திருப்பிப் போடறேன். வலது கை தந்தியில, இடது கை வில்லுல. வில்லைப் பிடிக்க இருக்கற விரலே போதும்."

"அது உங்க தாத்தா வாசிச்சதுடி!"

"தாத்தாவுக்குப் பத்து விரல் இருந்துச்சுப்பா."

"இடக்கையில வில் பிடிச்சு வாசிக்கறவ ஊர் உலகத்துல எங்கேயாவது உண்டா?"

"இனிமே உண்டு."

மார்ட்டின் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெளியே போய்விட்டார்.

சொன்னது எளிதாக இருந்தது, செய்வது அப்படி இல்லை. தூக்கத்தில்கூட வாசிக்கத் தெரிந்த மெட்டுகள் வலது கைக்குத் தெரியவில்லை. தலைக்குள் ஆறு மாதிரி ஓடியது, விரலில் வரும்போது கல்லும் முள்ளுமாக வந்தது. வின்னி பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். சில நாள் அழுதுகொண்டும் வாசித்தாள். கீழ்மாடியில் குடியிருந்த மிசஸ் கியோ துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள்.

"ஏய் வின்னி! பூனையைக் கொல்றதுன்னா ஒரேயடியா கொன்னு தொலை! இப்படி சித்திரவதை பண்ணாதே!"

"இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கும், மிசஸ் கியோ! பொறுத்துக்குங்க!"

இரண்டு குளிர்காலம் போனது. மூன்றாவது தொடங்கியபோது ஒருநாள் அவள் ஒரு ரீலை, அந்த வேகமான அயர்லாந்து ஆட்ட மெட்டை, முதலிலிருந்து கடைசிவரை தடுக்காமல் வாசித்து முடித்தாள். துடைப்பக் கட்டை இடிக்கவில்லை. "மறுபடி வாசி!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அந்த வாரமே டட்லி தெரு ஷானன் ஹாலுக்கு வாய்ப்புக் கேட்டுப் போனாள். வீட்டு வேலை செய்யும் அயர்லாந்துப் பெண்களுக்கெல்லாம் வியாழக்கிழமை விடுமுறை. அவர்கள் அன்று ஆட வரும் இடம் அதுதான். அங்கே வாத்தியக் குழுவின் தலைவர் கான் மெக்கலிகட். அயர்லாந்தின் கெர்ரிப் பக்கத்துக்காரர், அக்கார்டியன் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடியேதான் பேசுவார். அவள் வில்லை எந்தக் கையில் எடுத்தாள் என்று பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, வரிசையில எல்லார் வில்லும் ஒரு பக்கம் போகும். உன்னுது மட்டும் எதிர்ப்பக்கம் வந்து பக்கத்துல இருக்கறவன் கண்ணைக் குத்தும்."

"அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

"பார்க்கவும் நல்லா இருக்காது. கண்ணாடில பார்த்த மாதிரி இருக்கு. கீழே டீ ஊத்த ஆள் இல்லையாம், போய் உதவி பண்ணு."

வின்னி பிடிலோடு கீழே போனாள். டீயும் ஊற்றினாள். இடைவேளைக் கூட்டம் கோப்பையோடு உட்கார்ந்ததும், மேசையில் இருந்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்து வில்லை எடுத்தாள்.

முதலில் ஸ்லைகோப் பெண்கள் இருவர் எழுந்தார்கள். பிறகு ஒரு கொத்தனார். பிறகு நாற்காலிகள் சுவரோரம் போயின. மேலே கான் வால்ட்ஸ் ஆட்ட மெட்டைத் தொடங்கியது கீழேயும் கேட்டது, ஆனால் பாதிப் பேர் படியேறவில்லை. கொஞ்ச நேரத்தில் கானே இறங்கி வந்தார்.

"இங்க என்ன நடக்குது? உன்னை டீ கொடுக்கத்தானே சொன்னேன்?"

"கொடுத்தேனே. யாரும் குடிக்க மாட்டேங்கறாங்க."

அறையே சிரித்தது. கான் காதுவரை சிவந்துபோய், "சரி, அடுத்த வாரம் மேல வா. பியானோவுக்குப் பின்னாடி ஒரு நாற்காலி போடறேன்" என்றார்.

"பின்னாடின்னா வேண்டாம். எனக்கு இங்கேயே சௌகரியமா இருக்கு."

அந்தக் குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைதோறும் அவள் டீ அறையில் வாசித்தாள். ஹால் முதலாளி ஒருமுறை விளக்கை அணைத்துப் பார்த்தார். அவர்கள் இருட்டில் ஆடினார்கள், கோப்பைகள்தான் உடைந்தன. அடுத்த வியாழன் முதல் விளக்கு எரிந்தது.

வசந்தத்தில் கானின் முன்வரிசைப் பிடில்காரர் ஒருவர் சிகாகோவுக்குப் போய்விட்டார். கான் தெற்கு பாஸ்டனுக்கே வந்து மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றார்.

"முன்வரிசை. போதுமா?"

"சுவரொட்டியில பேரு?"

"போடறேன்."

"முழுப் பேரு. கான் மெக்கலிகட்டும் குழுவினரும்னு போட்டா வர மாட்டேன்."

உள்ளே நாளிதழைப் பிரித்து வைத்திருந்த மார்ட்டின், தலை நிமிராமலே, "எழுத்துப்பிழை இல்லாம போடச் சொல்லு" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை ஷானன் ஹால் நிரம்பி வழிந்தது. வின்னி முன்வரிசையில் உட்கார்ந்து பிடிலை வலது தோளில் சாய்த்தாள். பின்னாலிருந்து ஒருவன், "ஏ பொண்ணே, கை மாறிப்போச்சு!" என்று கத்தினான்.

"என் கையை நான் பார்த்துக்கறேன். நீ உன் காலைப் பாரு!" என்று சொல்லிவிட்டு, அவள் அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் ரீலைத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த சாக்ஸபோன்காரர் நாற்காலியைத் தானாகவே நகர்த்திக்கொண்டார். கத்தியவன் ஆட்டத்தின் இரண்டாவது சுற்றிலேயே மூச்சிரைத்துச் சுவரில் சாய்ந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவினாள்.