மெல்பேர்னில் நாலு நாள், பத்து மணி வரை ராகு

மெல்பேர்ன் பார்க்க நாலு நாள் போதுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஓர் ஊரை விரும்பிவிட நாலு நாள் தாராளம். எனக்கு அது 1976 ஜனவரியில் நடந்தது.

யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த நான், அப்போது சிட்னியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மெல்பேர்னில் ஒரு பள்ளிக்கூடம் பெப்ரவரியில் வேலைக்கு வரச் சொன்னது. "வீடு கிடைச்சால் போவம். அண்ணா வீட்டில போய்த் தொங்கேலாது" என்றார் என் கணவர். வீடு தேடத்தான் போனோம்.

ரயிலில் ஏறத்தாழ 960 கிலோமீட்டர். வெள்ளி காலை இறங்கி, அங்கே இருந்த கணவரின் அண்ணா வீட்டில் தங்குவதற்காக டிராமில் ஏறினோம். தோல்பையோடு நின்ற கண்டக்டர் எங்கள் தரிப்பு வந்ததும் முழு டிராமுக்கும் கேட்க, "அம்மா, உங்கள் தெரு!" என்று கூவினார். சிட்னியில் ஒரு வருடமாக என்னிடம் யாரும் அப்படிக் கூவியதில்லை. சனிக்கிழமை விக்டோரியா சந்தையில் ஓர் இத்தாலியக் கிழவர் கத்தரிக்காயை என் கையில் வைத்து, அமுக்கிப் பார்க்கச் சொல்லிச் சண்டை பிடித்தார். எனக்கு ஊர் பிடித்துவிட்டது.

ஞாயிறு மாலை பிரன்ஸ்விக்கில் வீடும் கிடைத்தது. சிறிய செங்கல் வீடு, பள்ளிக்கு நடந்து போகலாம். "ஒன்பதரைக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். நீ காலை ஒன்பதுக்கே வந்து முற்பணத்தைக் கொடு" என்றார் வீட்டுக்காரி.

திங்கள் காலை வெளிக்கிட்டு நின்றோம். கணவரின் தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், வாசலில் வந்து நின்றார்.

"இப்ப ராகுகாலமெல்லே?"

"அது ஒன்பதோட முடியுது அத்தான். ஒன்பதுக்குத்தான் வரச் சொன்னவ."

"பிள்ளை, கோடைக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். சூரியனுக்கு அது தெரியுமே? பத்து மட்டும் ராகுதான்."

"இஞ்சேருங்கோ, அந்த மனிசி ராகு போகுமட்டும் நிப்பாவோ?" என்று கணவரைப் பார்த்தேன்.

"அண்ணா சொல்லுறார். ஒரு மணித்தியாலம்தானே, இரும்."

கணக்கு டீச்சரான எனக்கே அந்தக் கணக்கில் பிழை பிடிக்க முடியவில்லை. விடையைச் சரியாக எழுதிவிட்டு, சோதனை முடிந்த பிறகு தாளை நீட்டும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு கதிரையில் என்னையே அப்படி இருத்தி வைத்தார்கள்.

பத்தேகாலுக்குப் போனபோது ஓர் இளம் தம்பதி யன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஒன்பதரை வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேனே" என்றார் வீட்டுக்காரி. அவர் முகத்தில் உண்மையான வருத்தம்.

மாலையில் ரயிலேற்ற வந்த அத்தான் சொன்னார்: "நல்ல நேரத்தில போனபடியால்தான் அந்த வீடு சரிவராதெண்டு தெரிஞ்சது."

பள்ளிக்கூடம் வேறொருவரை எடுத்துக்கொண்டது. நான் மறுபடி ஒரு வகுப்பறைக்குள் போகப் பல வருடம் பிடித்தது. அதுவரை பெட்டி ஒட்டினேன்.

நீங்கள் போங்கள். இப்போது விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். சனிக்கிழமை சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வீடு பிடித்திருந்தால் அங்கேயே நின்று பேசி முடியுங்கள். உறவினர் வீட்டுக்குத் திரும்பி யோசிக்க வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி என் கணவர் இறக்கும்வரை நாங்கள் பேசவில்லை. பேசினால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.