பன்னிரண்டடி வண்டிப்பாதை

அன்றைக்குப் பஞ்சாயத்து ஆபீசில் இருந்தவர்கள்: தலைவர், மெம்பர்கள் நாலு பேர், அதில் ஒருவர் பெண், தீர்மானப் புத்தகம் எழுதும் கிளார்க், ஊரின் நிலக்கணக்கு வைத்திருந்த கர்ணம், என் இடத்துக்குப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர், நான். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மனைவி. ஆக மொத்தம் பத்துப் பேர். மூன்று தடவை எண்ணினேன். பயம் வந்தால் நான் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன்.

பயப்படக் காரணம் இருந்தது. அழகர்கோவில் ரோட்டில், அப்போது மதுரைக்கு வெளியே இருந்த எங்கள் ஊரில், எனக்கு மூன்று சென்ட் இடம். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, கோரிப்பாளையத்தில் ஒரு விறகுக்கடையில் பதினான்கு வருஷம் எடை போட்டுச் சேர்த்த காசெல்லாம் அந்த மூன்று சென்ட்தான். அதில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சொந்தமாக விறகு விற்றேன். கொட்டகையைப் பிரித்துவிட்டுச் செங்கல் வைத்து ஒரு வீடு கட்ட வேண்டும் என்று பஞ்சாயத்தில் மனுப் போட்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து, ஊரை மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு உறுதியாகிவிட்டது. சேர்ந்த பிறகு வீட்டுப் பிளானுக்கு இருபது அடி ரோடு கேட்பார்கள் என்று கிளார்க் சொன்னார். என் இடத்துக்கு இருந்ததோ, பெரிய ரோட்டிலிருந்து தென்னந்தோப்பை ஒட்டி வரும் பன்னிரண்டடி வண்டிப்பாதை. பஞ்சாயத்துக்கு அது போதும். ஆகவே பஞ்சாயத்து இருக்கும்போதே அனுமதியை வாங்கிவிட வேண்டும்.

மனுப் போட்ட மறுவாரம் அந்தப் பாதையின் வாயில் நாலு கல்தூண் நின்றது. தோப்புக்காரர் ஊன்றியிருந்தார். பாதையும் தன் பட்டாவில் சேர்ந்ததுதான் என்றும், இத்தனை நாள் போனால் போகட்டும் என்று விட்டிருந்ததாகவும் சொன்னார். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் என்னிடம்தான் விறகு வாங்குவார். ஊர் மாநகராட்சியானால் மண்ணுக்கு விலை ஏறும் என்று கணக்குப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பாதை இல்லாத இடத்துக்கு எந்த ஆபீசிலும் அனுமதி கிடையாது. மூன்று சென்ட்டும் வெறும் மண்ணாகக் கிடக்கும்.

அதுதான் எங்கள் பஞ்சாயத்தின் கடைசிக் கூட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெருவிளக்கு, கிணறு தூர்வாருவது என்று ஒவ்வொன்றாக முடிந்து, ஏழாவதாக என் மனு வந்தது. பாதை யாருடையது என்று தலைவர் கர்ணத்தைக் கேட்டார். கர்ணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அந்தப் பக்கத்துப் படம் கிழிந்துபோய்விட்டதாகவும், தாலுகா ஆபீசில் நகல் கேட்டு எழுதியிருப்பதாகவும், வந்த பிறகு அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சொல்லும்போது தோப்புக்காரர் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அடுத்த கூட்டம் என்று ஒன்று கிடையாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் தோப்புக்காரர் முந்திக்கொண்டார். "விறகு விக்கிறவனுக்கு வண்டிப்பாதை எதுக்கு மாப்ள? செங்கலையும் தலைச்சுமையாத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான. உடம்புக்கும் நல்லது."

மெம்பர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பயந்தவன் சிரிப்பு அப்படித்தான் வரும்.

என் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. பி மெமோ. அரசாங்கப் புறம்போக்கை ஆக்கிரமித்தவனுக்குப் போடும் அபராதச் சீட்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கல்யாண மாசத்துக்காக ஒரு லாரி விறகு கூடுதலாக இறக்கி, இடம் போதாமல் பாதையில் அடுக்கிவைத்தேன். அதற்கு வந்தது. அன்று மத்தியானமே ஓடிப்போய் அபராதத்தைக் கட்டி, சீட்டிலேயே முத்திரையும் வாங்கிவிட்டேன். ஆனாலும் போலீஸ் வருகிற மாதிரி பல நாள் கனவு வந்தது. மனைவிக்குத் தெரியாமல் சீட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். கூட்டத்தில் யாராவது அந்தக் கதையைக் கிளப்பினால் கட்டியாயிற்று என்று காட்டத்தான் எடுத்து வந்தேன். யாரும் கிளப்பவில்லை. நானாக அதை வெளியே எடுப்பது, வீடு கட்ட அனுமதி கேட்கிற இடத்திலேயே, நான் ஆக்கிரமிப்புக்காரன் என்று ஒப்புக்கொள்வது மாதிரி. கை பையின் மேலேயே இருந்தது.

ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, அந்தச் சீட்டை எடுத்துக் குடுங்க. அரிசி அளக்குறவளுக்கு டப்பாவுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாதா? எந்த இடத்துக்கு அபராதம் போட்டாகன்னு அதுல எழுதியிருக்குல்ல."

அந்தச் சீட்டை நான் நூறு தடவை படித்திருப்பேன். ஆக்கிரமிப்பு என்ற சொல்லும் ரூபாயும் மட்டும்தான் என் கண்ணில் பட்டிருந்தன. எடுத்துக் கொடுத்தேன்.

தலைவர் நிதானமாகப் படித்தார். பிறகு கர்ணத்துக்கு முன்னால் விரித்துவைத்தார். "வண்டிப்பாதைப் புறம்போக்குன்னு போட்டிருக்கு. சர்வே நம்பரும் இருக்கு. இது யாரு எழுத்துங்க?"

கர்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நம்ம எழுத்துதான்" என்றார்.

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த பெண் மெம்பர் தோப்புக்காரரைப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, இடம் ஒங்களுதுன்னா சர்க்கார் எதுக்கு இவுககிட்ட அபராதம் வாங்குச்சு? அந்தப் பணம் ஒங்களுக்குல்ல வந்திருக்கணும்."

இந்தத் தடவை மெம்பர்கள் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்றேன். தோப்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தூணை நாளைக்கே பிடுங்கிர்றேன், விடுங்கப்பா" என்றார்.

தீர்மானம் எழுதப்பட்டது. பாதை பன்னிரண்டடிப் பொதுப்பாதை, மறிக்க யாருக்கும் உரிமை இல்லை, வீட்டுக்கு அனுமதி, பாதைக்கு கிராவல் அடிக்கப் பஞ்சாயத்து பாதி போடும், என் பங்கு முன்னூறு ரூபாய், மூன்று தவணை. நாலு மெம்பர்களும் தலைவரும் கையெழுத்துப் போடுவதை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஐந்து. வெளியே வந்தோம். ரோட்டுக்கடையில் மனைவி தானே காசு எடுத்துக் கொடுத்து எனக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கித் தந்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் தொண்டையில் ஏதோ இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை முதல் செங்கல் வண்டி வந்தது. தூண் இருந்த குழிகளை நானே மண் போட்டு மூடியிருந்தேன். வண்டிக்காரர் ஏறிக்கொள்ளச் சொன்னார். நான் ஏறவில்லை. மாட்டுக்கு முன்னால், பாதையின் நட்டநடுவில், பெரிய ரோட்டிலிருந்து என் மூன்று சென்ட் வரைக்கும் நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தோப்புக்காரர், "மாப்ள, ஊர்வலம் போறீகளாக்கும்" என்றார். "ஆமா மாமா, நீங்களும் வாங்க" என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

வீடு எழும்பியது. இரண்டு தவணையைக் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். மூன்றாவதைக் கட்டப் போனபோது பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டியிருந்தது. ஊர் மாநகராட்சியாகிவிட்டது. பணத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அப்படி ஒரு பாக்கி தங்கள் கணக்கில் இல்லை, வாங்க முடியாது என்றார்கள். மறு வருஷமும் போய்க் கேட்டேன். அதே பதில். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல், இன்றைக்கும் நான் கொடுக்க வேண்டியது நூறு ரூபாய்.