ஏறத் தெரிந்த வண்டி

அப்பா வைத்திருந்த பழைய பெட்ரோல் பிக்கப்புக்கு மெக்கானிக்கை வைத்து டீசல் என்ஜின் மாற்றினேன். மிதித்தால் பிரேக் மட்டும் கல்லாட்டம் இருந்தது. அவரிடம் கேட்கக் கூச்சம்.

பூஜை போட மனைவியோடு திருத்தணி மலைக்குப் போனேன். வண்டி சுலபமாக ஏறியது. எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு இறங்கினோம். வளைவில் எழுந்து நின்று மிதித்தும் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே பக்தர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏங்க, ஜனங்க வந்துகினு இருக்காங்க!" என்று மனைவி அலறினாள்.

கியரைக் குறைத்து, மலைப்பக்கப் பாறையில் உரசி நிறுத்தினேன். அவளுக்குத் தோளில் அடிபட்டது.

பிரேக்கை இலகுவாக்கும் காற்றிழுப்பு பெட்ரோல் என்ஜினில் தானாக வரும்; டீசல் என்ஜின் போட்டால் அதற்குத் தனிப் பம்பு வேண்டுமாம். மெக்கானிக் வைக்கவில்லை.

இப்போது எந்த வேலை முடிந்தாலும் மெக்கானிக்கையே முதலில் ஓட்டச் சொல்கிறேன்.

"இன்னாண்ணா, நம்பிக்கை இல்லியா?" என்கிறார்.

சாவியை நீட்டுகிறேன்.