பேய் யாருடைய ஆள்?

வீதி நாடகத்தில் பேயாக நடிப்பவனுக்குக் கைதட்டலும் கிடையாது, சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார ஆளும் கிடையாது; பேய் வேடம் போட்டவர்களுக்கு இது நான் சொல்லாமலே விளங்கும். எங்கள் நாடகத்தில் ஐயர், பாதர், மௌலவி மூவரும் தனித்தனியே என்னைத் துரத்தித் தோற்று, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து துரத்துவார்கள். ஐயருக்குத் தலையணைத் தொப்பை, பாதருக்கு முழ நீளச் சிலுவை, மௌலவிக்கு லாஸ்டிக் போட்ட தாடி. வேடத்துக்குள் இருப்பவர்களோ வேறு: ஐயர் கத்தோலிக்கர், பாதர் முஸ்லிம், மௌலவி சைவம்.

பொட்டு

உயிலங்குளத்தில் சைவக் கோயிலடியில் என் பொட்டை அழிக்கச் சொன்னார்கள். தீவுக்குள் ஒரு தேவாலய முற்றத்தில் பூசைக்குப் போகும் பெண்களைப் போலத் தலையில் போட்டிருந்த வெள்ளை நெற் துணியைக் கழற்றச் சொன்னார்கள். முசலிப் பக்கம் பள்ளிவாசலடியில் முக்காட்டை எடுக்கச் சொன்னார்கள். மிஞ்சியது வெள்ளைச் சேலையும் மாவு பூசிய முகமும்தான். மூன்று இடத்திலும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "பேய் எங்கட ஆளில்லை, தம்பி."

சிலுவை

ஒருநாள் சேட்டும் காற்சட்டையுமாக ஒரு இளைஞர் மேடைக்குப் பின்னால் வந்தார். எங்கள் பாதர் அவரைச் சனம் உட்காரும் கதிரைகளைத் தூக்க விட்டார். அவரும் தூக்கினார். பங்குத் தந்தையே அவர்தான் என்று தெரிந்ததும் எங்கள் ஆள் வேர்த்துப் போனார். வந்தவர் சிரித்தார்: "உங்களைப் பாத்தா எனக்கே என்ர பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தோணுது, பாதர்."

ஈரம்

கடலோரக் கிராமம், பொழுதுபடும் நேரம். மேடைக்குப் பின்னால் கடல். நாடகத்துக்கு முன் ஒரு அக்கா என்னிடம் வந்தார். அவருடைய கணவர் கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. "அவர் வந்தா இந்தக் கரையாலதான் வருவார். பேயைத் துரத்தாமல் விடேலாதோ?" என்று கேட்டார். முடிவை மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

கடைசிக் காட்சியில் என் சேலை கம்பியில் மாட்டிக்கொண்டது. திரைக்குப் பின்னால் அதை இழுத்துக்கொண்டு நிற்கும்போதே மேடையில் மூவரும் "போ! போ!" என்று கத்தினார்கள். நான்தான் இன்னும் மேடைக்கே போகவில்லையே. எட்டிப் பார்த்தேன். கடல் பக்கத்து மூலையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூவரும் அந்த மூலையையே பார்த்தபடி நடுங்கினார்கள். தலையணை நழுவ ஐயர் சிலுவை அடையாளம் போட்டார், பாதர் பிஸ்மில்லாஹ் சொன்னார், மௌலவி "முருகா!" என்றார். இதை எழுதும்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சனத்துக்குள்ளிருந்து அந்த அக்கா ஓடிவந்து, கையை விரித்து மூவரையும் மறித்தார்: "துரத்தாதேங்கோ, அவர் ஈரத்தோட நிக்கிறார்."

பேய் யாருடைய ஆள் என்று இப்போது எந்த ஊரில் கேட்டாலும், யாரோ ஒருத்தியின் ஆள்தான் என்று சொல்லிவிட்டு நான் மாவைப் பூசிக்கொள்கிறேன்.